ரோட்டுக்கு வந்த சாம்பல்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால் வாங்கப் போன நான் பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

"பால் எங்கே?" என்றார் கணவர்.

"சாம்பல்..." என்றேன். 

போன வாரம் இதே பக்கத்தில் ஊறுகாயைப் பற்றி எழுதியிருந்தேன். நிறையப் பேர் ரசித்ததாகச் சொன்னீர்கள். சந்தோஷம். ஆனால் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் – எழுதும்போது என் மனசு ஊறுகாயில் இல்லை. மனசு முழுக்கச் சாம்பல்தான்.

என்னைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் லட்சணம் தெரியும். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்கிறவள். போன் அடித்தால், யாருக்கு என்ன ஆச்சோ என்று நினைத்துக்கொண்டேதான் எடுப்பேன். "உனக்குக் கவலைப்பட ஒன்றும் இல்லை என்றால் அதற்காகவும் கவலைப்படுவாய்" என்பார் கணவர். ஆனால் இந்தத் தடவை கவலையை நான் தேடிப் போகவில்லை. அதுவே லாரி ஏறி எங்கள் தெருவுக்கு வந்து இறங்கியது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவைப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று? கேட்காதீர்கள், எனக்கு பி.பி. ஏறும். ஒரு வழியாகப் போன மாதம் ரோடு போட ஆட்கள் வந்தார்கள். சைட் இன்ஜினீயர் ரியாஸ், பாலக்கரைக்காரர், சின்ன வயது. வந்த அன்றே தெருக்காரர்களை நிறுத்தி வைத்து விளக்கினார்.

"இது வழக்கமான ரோடு இல்லைங்க. கீழ் அடுக்குல ஜல்லி, கிராவலைக் குறைச்சுட்டு அதுக்குப் பதிலா சாம்பல் போடறோம். மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லுல உமி எரிச்ச சாம்பல் கொஞ்சம். பேக்டரி பாய்லர்ல நிலக்கரி எரிச்ச சாம்பல் கொஞ்சம். சுண்ணாம்பு, சிமெண்ட் கலந்து, தண்ணி விட்டு ரோலர் ஓட்டினா கல்லு மாதிரி இறுகிடும். மேல எப்பவும்போல தார்தான்."

சாம்பலிலா ரோடு? தெரு முழுக்க ஆளுக்கொரு கேள்வி. மழையில் கரையாதா? காற்றில் பறக்காதா? தண்ணீர் லாரி ஏறினால் உள்ளே போய்விடாதா? என் பங்குக்கு நானும் கேட்டேன் – என்ன கேட்டேன் என்று இப்போது நினைவில்லை, கேட்காமல் இருந்திருக்க மாட்டேன்.

எதிர் வீட்டு வேதா மாமிதான் கடைசியாகக் கேட்டார். "போயும் போயும் சாம்பலைக் கொண்டுவந்து ஆத்து வாசல்ல கொட்டுவாளோ?"

"அது எங்கயோ மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு மாமி. வயல்ல பறக்குது, வாய்க்கால்ல கலக்குது. ரோட்டுக்கு அடியில போட்டு மூடிட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல. நீங்க மிதிக்கப் போறது தாரைத்தான். ரெண்டே வாரம், இன்ஷா அல்லாஹ், முடிச்சுத் தந்துடறேன்" என்றார் ரியாஸ்.

மாமி யோசித்தார். பிறகு, "பள்ளத்துல விழாம நடந்தா சரி" என்று உள்ளே போய்விட்டார். அவர் கவலை அவருக்கு. வீட்டில் மாட்டுப்பெண் ஐந்து மாத கர்ப்பிணி.

தெரு முனையில் காலியாக இருந்த மனையில் சாம்பல் குவிந்தது. குறை சொல்ல முடியாது, ரியாஸ் ரொம்பக் கவனமாக இருந்தார். குவியல் மேல் தார்ப்பாய். காற்றில் பறக்கக் கூடாது என்று காலையும் மாலையும் ஹோஸ் பைப்பில் தண்ணீர் தெளித்தார்கள். வாசல் ஜன்னலைத் திறந்தால் ஒரு துளி தூசி இல்லை. எனக்கே நிம்மதியாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூசி வராமல் பார்த்துக்கொண்டார்கள். வாசனை? அதைப் பற்றி யார் யோசித்தார்கள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பால் பூத்துக்குப் போகிறேன். குவியல் பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள். வேதா மாமியின் மாட்டுப்பெண் கயல். என்னடா, இந்நேரத்தில் இங்கே என்று கிட்டே போனேன். அவள் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் பார்த்தாள். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினாள். ஈரச் சாம்பலை ஒரு சிட்டிகை கிள்ளினாள்.

வாயில் போட்டுக்கொண்டாள்.

கண்ணை மூடி, அதை அவள் சப்பிய விதம் இருக்கிறதே... அல்வாவை அப்படி யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

"கயல்!" என்று கத்திவிட்டேன்.

திரும்பினாள். உதட்டோரத்தில் சாம்பல். முகம் வெளிறிவிட்டது. முதலில் அவள் சொன்னது என்ன தெரியுமா? "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி."

கையைப் பிடித்து என் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். பால் மறந்துபோனது அப்போதுதான். வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன், மறுபடி கொப்பளிக்கச் சொன்னேன். கணவர் நிலைமையைப் பார்த்துவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். இந்த மாதிரி நேரத்தில் அவர் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் அதுதான்.

கயல் படித்த பெண். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். ஊர் ஜீயபுரம், அப்பாவுக்கு வாழைத் தோட்டம். மாமியின் பிள்ளை ஸ்ரீதரும் இவளும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். ஸ்ரீதருக்கு பெங்களூரில் வேலை, சனி ஞாயிறுதான் வருவான். மாமி முதலில் முறைத்துக்கொண்டிருந்தது உண்மை. இப்போது "கயலு, கயலு" என்று வாய் ஓயாமல் கூப்பிடுகிறார்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"குவியல் வந்ததுலேர்ந்து ஆன்ட்டி. கொஞ்சூண்டுதான். தண்ணி தெளிக்கறப்ப ஒரு வாசனை வருது பாருங்க... என்னால முடியலை. வேலையில உக்காந்தாலும் அதேதான் நினைப்பு."

"அது ரோடு போடற சாம்பல் கயல்!"

"மண்ணச்சநல்லூர் மில்லு சாம்பல்தானே ஆன்ட்டி. உமிதானே. ஊர்ல தாத்தா உமிக்கரியிலதான் பல் தேய்ப்பாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலையே."

அவளுக்கு அது நெல். எனக்கு ரியாஸ் சொன்ன இன்னொரு பாதி ஞாபகம் வந்தது. நிலக்கரி.

"மசக்கைன்னா மாமிகிட்டக் கேட்டிருக்கலாமே. நீ கேட்டா இல்லைன்னா சொல்லப்போறாங்க?"

"எல்லாம் கேட்டாங்க ஆன்ட்டி. மாங்கா வேணுமா, நார்த்தங்கா வேணுமான்னு தினம் கேக்கறாங்க. புளியோதரை கேட்டேன், உடனே பண்ணாங்க. ஆனா சாம்பல் வேணும்னு எப்படிக் கேக்கறது? எங்க வீட்லன்னா சாமி ரூம்ல விபூதித் தட்டு இருக்கும். அக்கா உண்டாயிருந்தப்ப அதைத்தான் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்குவா. அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துடுவாங்க. இங்க..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. நாமம் போட்டுக்கொள்ளும் வீட்டில் விபூதிக்கு எங்கே போவாள்? அடுப்பில் எடுக்கலாம் என்றால் அடுப்பு கேஸ். இந்தக் காலத்தில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பிடி சாம்பல் வேண்டுமென்றால் நிஜமாகவே ரோட்டுக்குத்தான் போக வேண்டும்.

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அந்த நிலக்கரி மறுபடி ஞாபகத்துக்கு வந்தது.

அவளை அனுப்பிவிட்டு நேராக ரியாஸிடம் போனேன். "தம்பி, இந்தக் குவியல்ல இருக்கறது எந்தச் சாம்பல்?"

மனிதருக்கு முகம் மலர்ந்தது. அவர் ரோட்டைப் பற்றி ஆர்வமாகக் கேட்க ஓர் ஆள் கிடைத்துவிட்டேனே! "எல்லா டெஸ்ட்டும் பண்ணியாச்சு மேடம். எவ்வளவு வெயிட் தாங்கும், தண்ணியில ஊறினா என்ன ஆகும், வெயில்ல வெடிக்குமா... எதை வேணாலும் கேளுங்க."

"சாப்பிட்டா என்ன ஆகும்?"

ரியாஸ் என்னைப் பார்த்தார். "மாடு ஏதாவது வாய் வெச்சுடுச்சா மேடம்?"

"ஆமா" என்றேன் அவசரமாக. "மாடுதான்."

"உமிச் சாம்பல்தான் முதல்ல வந்துச்சு. ரெண்டாவது லாரிக்காரன் நிலக்கரிச் சாம்பலைத் தனியா கொட்டாம அது மேலேயே கொட்டிட்டான். எப்படியும் கலக்கப் போறதுதானேன்னு நானும் விட்டுட்டேன்."

"நிலக்கரிச் சாம்பல்ல என்ன இருக்கும்?"

"லேசா ஈயம், ஆர்சனிக் மாதிரி சமாசாரம் இருக்கலாம் மேடம். இடத்துக்கு இடம் மாறும். அதனாலதானே சுண்ணாம்பு, சிமெண்ட் போட்டு இறுக்கி ரோட்டுக்கு அடியில வெக்கறோம்? அங்க போயிடுச்சுன்னா அது எங்கயும் நகராது. பயமே இல்ல."

ரோட்டுக்கு அடியில் இருந்தால் பயமில்லை. சரி. வயிற்றுக்குள் இருந்தால்?

அன்று மத்தியானம் நான் செய்த முட்டாள்தனம், போனை எடுத்து இன்டர்நெட்டில் தேடியது. கவலைப்படுகிறவர்கள் போகவே கூடாத இடம் அது. ஈயம், கர்ப்பம் என்று அடித்துத் தேடினேன்.  குழந்தையின் மூளை என்று ஒரு வரி. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். திரும்ப எடுத்தேன். திரும்பக் கவிழ்த்தேன். ராத்திரிச் சமையலில் உப்பு இல்லை என்று கணவர் சொன்னார். புளியும் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

மாமியிடம் சொல்ல வேண்டாமா? சொன்னால் அந்தப் பெண் இனி என்னிடமும் வாய் திறக்க மாட்டாள். சொல்லாவிட்டால்... ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? தெரிந்தும் சும்மா இருந்தாயே என்று என் மனசே என்னைக் கேட்காதா?

கயலிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "நாளைக்கே டாக்டரைப் பார்க்கணும். நான் கூட வரேன்." தில்லைநகரில் டாக்டர். மாமியிடம் என்ன சொல்வது? பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போகிறோம் என்று சொல்வதாக ஏற்பாடு.

மறுநாள் ஆட்டோ வந்து நின்றது. மாமி புடவை மாற்றிக்கொண்டு தயாராக வாசலில் நிற்கிறார். "நானும் வரேன். அப்படியே அந்த டாக்டரையும் பார்த்துட்டு வந்துடலாம். இவ ரெண்டு நாளா சரியாவே சாப்பிடலை."

நானும் கயலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காவிரிப் பாலம் தாண்டும் வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை.

டாக்டரம்மா நிதானமானவர். எடை பார்த்தார், பிரஷர் பார்த்தார், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார். "வேற ஏதாவது சாப்பிடறீங்களா? மண்ணு, சாக்பீஸ், சாம்பல், அந்த மாதிரி?"

கயல் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

வேதா மாமி சொன்னார். "அந்தப் பழக்கமெல்லாம் எங்காத்துல கிடையாது டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் உங்களைக் கேக்கலைம்மா. போன தடவையும் இதேதான் கேட்டேன். போன தடவையும் நீங்கதான் பதில் சொன்னீங்க."

 பிறகு கயல் பேசினாள். குரல் நடுங்கியது, ஆனால் பேசிவிட்டாள். "சாப்பிட்டேன் டாக்டர். சாம்பல். எங்க தெருவுல ரோடு போடறதுக்குக் கொட்டியிருக்காங்க... அது."

மாமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மடியில் இருந்த கைப்பையை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

டாக்டர் திட்டவில்லை. "ரத்தத்துல இரும்புச்சத்து கம்மியானா இப்படி ஆசை வரும்மா. வெக்கப்பட ஒண்ணுமில்ல. குடுத்த மாத்திரையை ஒழுங்காப் போடலை, அதானே? ஆனா நீங்க சாப்பிட்டது அடுப்புச் சாம்பல் இல்ல. ஈயம் இருக்கான்னு பார்த்தே ஆகணும். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பறேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் பயப்படாம இருங்க."

பயப்படாமல் இருங்கள்! சொல்வது சுலபம்.

திரும்பி வரும்போது மாமி ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். அதுவும் ஆட்டோ டிரைவரிடம். "மெதுவாப் போப்பா. பள்ளம் இருக்கு. பிள்ளைத்தாச்சி இருக்கா."

ரிசல்ட் வரும் வரை நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. அந்த நாட்களில்தான் உங்களுக்கு ஊறுகாய் எழுதினேன். எதிர் வீட்டில் போன் அடித்தால் இங்கே எனக்குத் தூக்கிவாரிப்போடும். கயல் இரும்புச்சத்து மாத்திரையைப் போட்டுவிட்டு, வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாமி. பேச்சு இல்லை, ஆனால் இடத்தை விட்டு நகரவும் இல்லை.

ஸ்ரீதர் அடித்துப் பிடித்து ஓடி வந்தான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று அவளிடம் கேட்டான். "உங்க அம்மாகிட்டச் சொல்லாம இருந்திருப்பீங்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். 

வீதியில் வேலை ஜரூராக நடந்தது. குவியலைச் சுற்றி ரியாஸ் தகரம் அடைத்துவிட்டார். 'தொடாதீர்கள், வாயில் வைக்காதீர்கள்' என்று ஒரு போர்டு வேறு.

"மாட்டுக்குப் படிக்கத் தெரியுமா தம்பி?" என்றேன் சும்மா.

"படிக்கத் தெரிஞ்ச மாட்டுக்குத்தான் மேடம்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "மாமியும் நேத்து வந்து மாடு வாய் வெக்கறது, சீக்கிரம் எடுங்கோன்னாங்க. இந்தத் தெருவுல நான் இதுவரைக்கும் ஒரு மாட்டைப் பார்க்கலை. எங்க அக்கா உண்டாயிருந்தப்ப சிலேட்டுக் குச்சியா தின்னு தீர்த்துச்சு மேடம். எனக்குத் தோணியிருக்கணும். எல்லா டெஸ்ட்டும் பண்ணேன், இது தோணலை."

எனக்கு அவர் மேல் இருந்த கொஞ்சநஞ்சக் கோபமும் போய்விட்டது. ரோட்டுக்குப் போகிற சாம்பலை ஊறவைத்துப் பார்த்தார்கள், நசுக்கிப் பார்த்தார்கள், காயவைத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் என்ன போகிறது என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்விதான். டாக்டர் அதைக் கேட்கவும் செய்தார். அதற்கும் வேறு ஒருவர் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டார். நம் வீடுகளில் எத்தனை கேள்விகள் இப்படிப் போயிருக்கும்?

ரிசல்ட் வந்தது. ஈயம் பயப்படும் அளவுக்கு இல்லை. "இதோட நிறுத்திட்டா போதும். பிரசவம் வரைக்கும் பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றாராம் டாக்டர். கயல் ஜன்னல் வழியாகவே சொல்லிக் கையை ஆட்டினாள். நான் அழுதேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கணவருக்குத் தெரியவில்லை. 'பார்த்துக்கிட்டே இருப்போம்' என்ற பாதி எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்க்கும் வரை அது போகாது.

அன்று சாயங்காலம் வேதா மாமி என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நீங்கதானே முதல்ல பார்த்தேள்? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"பயந்துட்டேன் மாமி."

"எதுக்கு?"

"உங்களுக்குத்தான்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். மாமி நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்துகொண்டார். வாசலில் ரோலர் போகிற சத்தம். அது அடங்கும் வரை காத்திருந்தார்.

"ஸ்ரீதரை உண்டாயிருந்தப்போ..." என்று ஆரம்பித்தார். "கொல்லைப்பக்கம் வெந்நீர் பாய்லர் இருந்தது. விறகு போட்டு எரிப்போம். விடிகாலம்பற யாரும் எழுந்துக்கறதுக்கு முன்னாடி, அதுக்கு அடியில கையை விட்டு... தின்னிருக்கேன். பிரசவத்துக்குப் போற வரைக்கும் தின்னேன். என் மாமியாருக்குத் தெரியாது. ஆத்துக்காரருக்கும் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை."

 'அந்தப் பழக்கமெல்லாம் எங்காத்துல கிடையாது' என்று டாக்டரிடம் சொன்னவர் இவர்தானா?

"அந்த டாக்டர் கேட்டப்போ, என்னைத்தான் கேக்கறாளோன்னு நினைச்சுட்டேன் போலிருக்கு" என்றார் மாமி. "சட்டுனு வாயில வந்துடுத்து."

"கயல்கிட்ட இதைச் சொன்னீங்களா மாமி?"

"அவகிட்டயா? அதெப்படிச் சொல்றது?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பினார். "நீங்க பத்திரிகையில ஏதாவது எழுதுவேளே. இதையும் வேணும்னா எழுதிக்கோங்கோ. பேரை மட்டும் மாத்திடுங்கோ."

எல்லார் பெயரையும் மாற்றிவிட்டேன் மாமி. ஆனால் உங்கள் மாட்டுப்பெண் இந்தப் பக்கத்தை ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறவள்!